சொல்லாமல் காத்தவர்கள்

பேராசிரியர் ரோட்னி எல்வெல் தம் அறையில் ஒரு பெண்மணிக்காகக் காத்திருக்கிறார். உடற்கூறியல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, மாணவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. வரப்போகிறவள் ஒரு காலத்தில் டாக்டர் நோவா பிரிட்டோரியஸ் வீட்டில் வேலை பார்த்தவள். அந்த மனிதர் முன்பு எந்த ஊரில் இருந்தார், என்ன செய்தார், நிழல்போல அவர் பின்னாலேயே நடக்கும் அந்தக் கிழவர் யார் என்பதையெல்லாம் அவளிடமிருந்து கறந்துவிட வேண்டும். ஊரும் பேரும் புகழும் பெற்ற ஒரு டாக்டரைச் சாய்க்க இவ்வளவு போதும் என்று எல்வெல்லுக்குத் தெரியும். ஒரு நாற்காலி, ஒரு குறிப்புத்தாள், மனக்குறையோடு வந்து உட்காரும் ஒரு சாட்சி.

‘பீப்பிள் வில் டாக்’ என்ற படம் இப்படித்தான் தொடங்குகிறது. 1951 ஆகஸ்டில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரித்தது. 110 நிமிடம் ஓடும். எழுதி இயக்கியவர் ஜோசப் மேன்கிவிச். ‘எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்’, ‘ஆல் அபவுட் ஈவ்’ என்ற இரண்டு படங்களுக்காக, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், எழுத்துக்கும் இயக்கத்துக்குமாக நான்கு ஆஸ்கர்களை வாங்கிய கையோடு அவர் எடுத்த படம் இது. ‘ஆல் அபவுட் ஈவ்’ என்றால் இன்றும் சினிமா ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதன் நிழலில் இந்தப் படம் மறைந்துபோனது. எனக்கோ அந்த நிழலில்தான் நெடுநாளாக மனம் தங்கியிருக்கிறது.

இந்தப் படத்தை நான் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் பார்க்காதவர்களுக்குக் கதை சொல்வார்கள். டைட்டில் போடுவதிலிருந்து ஆரம்பித்து, சண்டைக்குச் சத்தம் கொடுத்து, சோகத்துக்குத் தொண்டை கம்மி, வணக்கம் போடுகிற வரைக்கும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை மாமாவுடையது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கம்பவுண்டர் வேலை கற்றுக்கொள்ள மெட்ராஸில் தங்கியிருந்தபோது, மவுண்ட் ரோடு பக்கத்துத் தியேட்டர்களில் இங்கிலீஷ் படங்களாகப் பார்த்துத் தள்ளியவர் அவர். இங்கிலீஷ் முழுக்கப் புரிந்ததா என்று கேட்டால், முகத்தைப் பார்த்தால் புரியாதா என்பார். பிறகு எங்கள் ஊருக்கே திரும்பி, ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்து, கடைசி வரை அங்கேயே இருந்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் பாய் விரித்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொள்வோம். அவர் சட்டையில் எப்போதும் ஓம வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்திருக்கும்.

டாக்டர் பிரிட்டோரியஸ் கதையை மாமா கறிக்கடையிலிருந்துதான் ஆரம்பிப்பார். கூஸ் கிரீக் என்று ஒரு குக்கிராமம். அந்த ஊர்க்காரர்களுக்கு டாக்டர் என்றால் நம்பிக்கை இல்லை. மருந்துச் சீட்டைக் கண்டாலே ஓடுவார்கள். நம்ம டாக்டர் என்ன செய்கிறார்? படித்த பட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அங்கே ஒரு கறிக்கடை போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கறி வாங்க வருகிறவர்கள் கைவைத்தியம் கேட்கிறார்கள். இவரும் கைவைத்தியம் செய்வதுபோலவே முறையான வைத்தியத்தைச் செய்துவிடுகிறார். ஒவ்வொருவராகக் குணமாகிறார்கள். கறிக்கடைக்காரர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு நாள் வேலைக்காரி எதையோ துடைக்கப் போய், ஒளித்து வைத்திருந்த டாக்டர் பட்டத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அவ்வளவுதான், ஊரே திரண்டு வருகிறது: இத்தனை நாள் எங்களை ஏமாற்றிவிட்டாய், நீ நிஜ டாக்டர்!

இந்த இடத்தில் மாமா நிறுத்தி எங்கள் முகங்களைப் பார்ப்பார். போலி டாக்டரை விரட்டும் ஊர் எங்களுக்குத் தெரியும். நிஜ டாக்டர் என்பதற்காக ஒருவரை விரட்டிய ஊரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எல்வெல் கொண்டுவந்த புகார் போலி வைத்தியம் செய்தார் என்பது. உண்மையோ அப்படியே தலைகீழாக இருந்தது. மாமாவுக்கு அந்தத் திருப்பம் அலுக்கவே அலுக்காது.

அடுத்ததாகத் தூக்கில் போட்டும் சாகாத மனிதனின் கதை வரும். அதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கியிருப்போம். தூங்காதவர்கள் பயத்தில் பாயைச் சுருட்டிப் பிடித்திருப்போம்.

கதையில் ஒரு பெண்ணும் உண்டு. டாக்டரின் வகுப்பில் மயங்கி விழுவாள். அவளுக்குப் பெரிய நோய் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு உயிரையே விடத் துணிவாள், டாக்டர் காப்பாற்றுவார், பிறகு அவளையே கல்யாணம் செய்துகொள்வார். மாமா சொன்ன கதையில் அவள் பங்கு இவ்வளவுதான். என்ன நோய் என்று ஒரு தடவை யாரோ கேட்டோம். மனசுல வர்ற நோய்தான் என்று சொல்லிவிட்டு மாமா கறிக்கடைக்குத் திரும்பிவிட்டார்.

பல காலம் கழித்து, மாமா போன பிறகு, வீடியோ கேசட் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தேய்ந்த கேசட். ஓரங்களில் கோடு கோடாக ஓடியது. ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்டது, இந்தப் படத்துக்கு அதுவே போதும். டெபரா ஹிக்கின்ஸ் என்ற அந்தப் பெண்ணுக்கு நோய் எதுவும் இல்லை. அவள் கர்ப்பமாக இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் உயிரோடு இல்லை. அவன் படைக்குத் திரும்ப அழைக்கப்பட்டு இறந்துபோனவன். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தோற்றுப்போன, பெருமை மட்டும் மிச்சமுள்ள தன் அப்பாவுக்கு இந்தச் செய்தி எட்டிவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. டாக்டர் சோதித்து உண்மையைச் சொல்கிறார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே போகிறாள். தாழ்வாரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது.

அவள் பிழைத்துக்கொள்கிறாள். கண் விழிக்கும்போது பிரிட்டோரியஸ் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு பொய் சொல்கிறார். பரிசோதனைக்கூடத்தில் தவறு நடந்துவிட்டது, நீ கர்ப்பமாக இல்லை, நிம்மதியாகத் தூங்கு என்கிறார். அன்றைய நிலையில் அந்தப் பொய்யை உடனே மறுக்க வழியில்லை. இன்றுபோல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சோதனை கிடையாது. அந்தக் காலத்தில் கர்ப்பத்தைத் தவளைகளைக் கொண்டு கண்டறிவார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியில் ஏற்றி, அது முட்டையிடுகிறதா என்று பார்ப்பார்கள். அவள் நம்புகிறாள். உயிர் நிற்கிறது. பொய் வளர்கிறது.

அந்தக் காட்சியில் எனக்கு மாமா நினைவு வந்தது. இங்கிலீஷ் புரியாமல் அவர் கதையை மாற்றிச் சொல்லவில்லை. முகங்களைப் படிக்கத் தெரிந்த அவருக்கு அந்தப் பெண்ணின் முகம் புரியாமல் போயிருக்காது. திண்ணையில் கதை கேட்ட கூட்டத்தில் நாங்கள் மட்டும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் இருந்தார்கள், அவர்களில் யாருக்கு என்ன நேர்ந்திருந்தது என்பது கம்பவுண்டருக்குத் தெரியும். டெபராவின் சங்கதியை அவர் அங்கே எடுத்திருந்தால் யாரோ ஒருத்தி தலையைக் குனிந்திருப்பாள், இன்னொருத்தி அதைக் கவனித்திருப்பாள். விடிந்ததும் பேச்சு கிளம்பியிருக்கும். சினிமாவில் வரும் ஒரு பெண்ணுடைய ரகசியத்தைக்கூட அவர் காத்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கம்பவுண்டர் என்றால் யார் என்று இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கலக்கித் தருபவர். சிவப்பு மிக்சர், வெள்ளை மிக்சர். பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு பல்லாகக் கத்தரித்த காகிதத்தை ஒட்டித் தருவார். அந்தப் பல் கணக்கில்தான் மருந்தைக் குடிக்க வேண்டும். பொடியை மடித்துப் பொட்டலம் கட்டுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், ஊசிகளைக் கொதிக்க வைப்பார். டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரிகிற பாஷையில் திருப்பிச் சொல்வதும் அவர்தான். டாக்டரிடம் கூச்சப்பட்டு விழுங்கியதையெல்லாம் ஜனங்கள் மருந்து வாங்கும் ஜன்னலில் நின்று கம்பவுண்டரிடம் சொல்வார்கள். ஊரின் பாதி ரகசியங்கள் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போயின. எங்கள் மாமாவிடம் போனவை திரும்பி வெளியே வரவில்லை. அத்தை எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறாள். பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். மாத்திரை அட்டைகள் வந்து மிக்சர் பாட்டில்கள் போனபோது அந்த ஜன்னலும் போனது, அதனருகே தாழ்ந்த குரலில் நடந்த பேச்சும் போனது.

பிரிட்டோரியஸாக நடித்த கேரி கிராண்ட் கட்டிலருகே அந்தப் பொய்யைச் சொல்லும் விதத்தைப் பார்க்க வேண்டும். வேடிக்கைப் படங்களில் வேகமாகப் பேசி, விழுந்து எழுந்து நம்மைச் சிரிக்க வைத்த மனிதர் இந்தப் படத்தில் எதையும் அவசரமாகச் செய்வதில்லை. அப்போது அவருக்கு வயது 47. இங்கிலாந்தில், பிரிஸ்டலில், ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதுகூட ஆகாதபோது அவருடைய தாயை மனநல விடுதியில் சேர்த்துவிட்டார்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளையிடம் உண்மையைச் சொல்லவில்லை. தாய் உயிரோடிருப்பது முப்பது வயது கடந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் ஹாலிவுட் நட்சத்திரம். இதை அறிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கட்டிலருகே காட்சி வேறாகிவிடுகிறது. ஒரு பொய்யின் உள்ளே வளர்ந்தவர் இன்னொரு உயிரைக் காக்கப் பொய் சொல்லும் வேடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லா மௌனமும் ஒன்றல்ல. ஆர்ச்சிபால்டிடம் மறைத்தது பெரியவர்களின் சௌகரியத்துக்காக, அது ஒரு பிள்ளையின் தாயையே பறித்தது. பிரிட்டோரியஸ் மறைத்தது அந்தப் பெண் அன்றிரவைத் தாண்ட வேண்டும் என்பதற்காக. அவர் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிடவும் இல்லை. அவள் மருத்துவமனையிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் போனதும், அவளைத் தேடிக்கொண்டு அவளுடைய பெரியப்பாவோ சித்தப்பாவோ என்று நாம் முறை சொல்லக்கூடிய ஒருவரின் பண்ணைக்கே போகிறார். உண்மையைச் சொல்லப் போனவர் காதலில் விழுந்து, அன்றிரவே அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறார். உண்மையைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொல்கிறார். இரக்கப்பட்டுத்தான் கட்டிக்கொண்டாயா என்று அவள் துடிப்பது நியாயமான துடிப்பு. மேன்கிவிச் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. நல்லெண்ணத்தில் சொன்ன பொய்க்கும் விலை உண்டு என்று அந்த முகத்தில் காட்டுகிறார். டெபராவாக நடித்த ஜீன் கிரெய்னைப் பலர் அழகிக்கு மேல் மதிப்பிட்டதில்லை. அந்தக் காட்சி ஒன்று போதும், அவரை மதிப்பதற்கு.

1951இல் இப்படியொரு பெண்ணைப் படத்தின் நாயகியாக வைப்பது எளிய காரியமல்ல. ஹாலிவுட்டில் அப்போது தணிக்கை நெறிகள் ஆண்டுகொண்டிருந்தன. 1934 முதல் ஜோசப் பிரீன் என்பவர் தலைமையில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டவை. அந்த நெறிகளின்படி தவறு செய்த பெண் படம் முடிவதற்குள் தண்டனை பெற வேண்டும், குறைந்தபட்சம் கண்ணீர் விட்டு மனம் வருந்த வேண்டும். டெபரா தண்டனை பெறவில்லை. அவளுக்கு நல்ல புருஷன் கிடைக்கிறான், அவள் அப்பாவுக்கு நல்ல வீடு கிடைக்கிறது, அவள் பிள்ளைக்கு ஒரு தகப்பன் கிடைக்கிறான். யாரும் அவளை மன்னிக்கவில்லை. மன்னிக்க அவள் என்ன குற்றம் செய்தாள் என்ற நினைப்பில் படம் நகர்கிறது.

இந்தக் கதை ஹாலிவுட்டில் பிறந்ததல்ல. குர்ட் கோட்ஸ் என்ற ஜெர்மன் நாடகாசிரியர் முப்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய ‘டாக்டர் ஹியோப் பிரிட்டோரியஸ்’ நாடகம்தான் மூலம். கோட்ஸ் தம் நாடகங்களில் தாமே நடிப்பார், உடன் நடிப்பது அவர் மனைவி வலேரி ஃபான் மார்ட்டன்ஸ். அவருடைய நாடகத்து டாக்டர், மனித முட்டாள்தனத்துக்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருப்பவர். ஜெர்மனியில் ஒரு பெரிய முட்டாள்தனம் ஆட்சிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட நகைச்சுவை அது என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1939இல் கோட்ஸ் அமெரிக்கா போனார். போர்க்காலத்தைக் கலிபோர்னியாவில் கழித்தார், கோழிப்பண்ணைகூட நடத்தினார். போர் முடிந்ததும் ஸ்விட்சர்லாந்துக்குத் திரும்பினார். 1950இல் தாமே நாயகனாக நடித்து அந்த நாடகத்தைப் படமாக்கினார். மறு ஆண்டே மேன்கிவிச்சின் அமெரிக்கப் படம் வந்தது. கிருமியைத் தேடும் டாக்டர் அமெரிக்காவுக்கு வந்தபோது, அந்தக் கிருமியே எதிரில் பேராசிரியர் வேடத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்த எல்வெல் எங்கிருந்து வந்தார் என்பதற்கு மேன்கிவிச்சின் சொந்த அனுபவத்தைத் தேடிப் போனால் போதும். 1950இல் அவர் ஹாலிவுட் இயக்குநர்கள் சங்கத்தின் தலைவர். கம்யூனிஸ்ட் பூதத்தைக் காட்டி நாடே நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அவர் வெளிநாட்டில் இருந்தபோது, சங்க உறுப்பினர்கள் எல்லோரும் விசுவாசப் பிரமாணம் எழுதித் தர வேண்டும் என்று செசில் பி. டிமில் அணியினர் வாக்கெடுப்பு நடத்தி முடித்தார்கள். கட்டாயப் பிரமாணத்தை மேன்கிவிச் எதிர்த்தார். உடனே அவரைப் பதவியிலிருந்து இறக்க ரகசியமாக ஓட்டுச்சீட்டுகள் கிளம்பின. 1950 அக்டோபர் 22ஆம் தேதி பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் கூட்டம் கூடி, நள்ளிரவைத் தாண்டி நடந்தது. ஜான் ஃபோர்டு எழுந்து மேன்கிவிச்சின் பக்கம் நின்றார். டிமில்லும் நிர்வாகக் குழுவும் விலக நேர்ந்தது. சில நாட்களில், பிரமாணத்தில் தாமாக முன்வந்து கையெழுத்திடும்படி மேன்கிவிச்சே உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு அன்றைய அச்சம் எல்லோர் கழுத்திலும் கை வைத்திருந்தது.

1951 மார்ச்சில் வாஷிங்டனில் சினிமாக்காரர்களிடையே கம்யூனிஸ்டுகளைத் தேடும் விசாரணைகள் மறுபடி தொடங்கின. லாரி பார்க்ஸ் என்ற நடிகர் விசாரணைக்குழுவின் முன்னால் உட்கார்ந்து, என்னைப் பற்றிக் கேளுங்கள் சொல்கிறேன், பிறரைப் பற்றிச் சொல்ல வைக்காதீர்கள் என்று மன்றாடினார். விடவில்லை. அவர் வாழ்க்கை அதோடு சிதைந்தது. அந்த ஆகஸ்டில்தான் டாக்டர் பிரிட்டோரியஸ் விசாரணைக்குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

படத்தின் அந்த விசாரணையை இப்போது பார்க்கும்போது நான் வேறொன்றையும் பார்ப்பதில்லை. மாணவர் இசைக்குழுவின் கச்சேரி நடக்க வேண்டிய மாலை. அரங்கில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். இசைக்குழுவை நடத்த வேண்டிய டாக்டர் மேல்மாடியோ பக்கத்து அறையோ, நாலு சுவருக்குள் குற்றவாளிபோல் உட்கார்ந்திருக்கிறார். தம்மைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறார். கறிக்கடை போட்டது உண்மை. டாக்டர் என்பதை மறைத்ததும் உண்மை. நோயாளியைக் குணப்படுத்துவதுதான் என் தொழில், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இவ்வளவையும் சிரித்த முகத்தோடு சொல்கிறார். அடுத்த கேள்வி வருகிறது: உங்களோடு எப்போதும் இருக்கும் ஷண்டர்ஸன் யார்? அங்கே அவர் வாயை மூடிக்கொள்கிறார். அது என் கதை அல்ல, நான் சொல்ல முடியாது. பதவி போனாலும் சொல்லமாட்டேன்.

மேன்கிவிச்சும் படத்தின் தயாரிப்பாளர் ஸானக்கும் அன்று இதை அரசியல் என்று சொல்லி விற்கவில்லை. ஆனால் பெயர்களைச் சொல்லச் சொல்லி நல்லவர்களை நெருக்கிய அந்த ஆண்டில், தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி, பிறரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத ஒரு மனிதனைத் திரையில் நிறுத்தியிருக்கிறார்கள். படத்தின் நாயகன் ஏன் டாக்டராக இருக்க வேண்டும் என்பதும் அங்கே விளங்குகிறது. நோயாளிகளிடம் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லமாட்டேன் என்பது ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் மருத்துவர்கள் காலங்காலமாக எடுத்துவரும் உறுதிமொழியின் பகுதி. விசுவாசப் பிரமாணம் கேட்ட காலத்துக்கு மேன்கிவிச் அதைவிடப் பழைய ஒரு பிரமாணத்தை எடுத்துக் காட்டினார்.

அப்போதுதான் ஷண்டர்ஸன் தாமாகவே உள்ளே வருகிறார். அவராக நடித்தவர் ஃபின்லே கர்ரி என்ற ஸ்காட்லாந்துக் கிழவர். 1878இல் எடின்பரோவில் பிறந்தவர், படம் வந்தபோது 73 வயது. டேவிட் லீனின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தில், கல்லறைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து ஒரு சிறுவனை நடுங்க வைத்த கைதி மேக்விட்சாக நடித்தவரும் இவர்தான். அதே கனத்த உடம்பும் பாறை முகமும். ஆனால் இந்தப் படத்தில் அவர் குரல் மெழுகாக உருகியிருக்கும். அவர் தம் கதையைச் சொல்கிறார்.

மலைப்பக்கம் போனபோது ஒரு சிநேகிதனோடு சண்டை வந்தது. அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. கொன்றுவிட்டதாகச் சொல்லி இவரைச் சிறையில் போட்டார்கள். 15 ஆண்டுகள். செய்யாத கொலைக்குத் தண்டனையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால், ஒரு ஹோட்டலில் அந்தச் சிநேகிதன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது நிஜமாகவே அவனைக் கொன்றுவிடுகிறார். தூக்கு. மருத்துவ மாணவர் ஒருவர் படிப்புக்காகப் பிணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். மேசையில் கிடந்த பிணம் கண் திறக்கிறது. அந்த மாணவர்தான் பிரிட்டோரியஸ். அன்று முதல் ஷண்டர்ஸன் அவரை விட்டு நகரவில்லை.

மாமா இந்தக் கதையை எப்படிச் சொல்வார் என்பது இன்றும் காதில் இருக்கிறது. பிணம் கண் திறக்கும் இடத்தில் குரலை ஏற்றமாட்டார். நன்றாகத் தாழ்த்திவிடுவார், கேட்பதற்கு நாங்கள் நெருங்கி உட்கார வேண்டும். படத்தில் பார்த்தபோது ஃபின்லே கர்ரியும் அப்படித்தான் சொல்கிறார். நீட்டி முழக்காமல், யாருக்கோ நேர்ந்ததைச் சொல்வதுபோல, தம்மேல் இரக்கம் கோராமல். குழுவினர் அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் கதையைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான், அதை இவருக்காக இப்போது எடுத்துக்கொள்கிறேன் என்பதுபோல ஒரு கம்பீரம் அந்தக் கிழவரின் முகத்தில்.

படம் முழுக்க விசாரணையாகவே இருந்துவிடவில்லை. பிரிட்டோரியஸின் மருத்துவமனையில் எல்லாம் நோயாளியின் சௌகரியத்துக்காகத்தான் நடக்க வேண்டும், ஊழியர்களின் சௌகரியத்துக்காக அல்ல. மரணத்தை எதிர்பார்த்துக் கிடக்கும் ஒரு கிழவியோடு மரணத்தைப் பற்றியே கலகலப்பாகப் பேசிச் சிரிக்க வைக்கிறார். அவர் வீட்டில் பிறந்தநாள் அன்று மின்சார ரயில் பொம்மைகள் ஓடுகின்றன. மாமனார், மாப்பிள்ளை, அணு இயற்பியல் பேராசிரியர் பார்க்கர் மூவரும் தரையில் மண்டியிட்டு, யாருடைய ரயில் முதலில் போக வேண்டும் என்று சிறுபிள்ளைகளாய்ச் சண்டை போடுகிறார்கள். பார்க்கராக வருவது வால்டர் ஸ்லெஸாக், புகழ்பெற்ற ஓபரா பாடகர் லியோ ஸ்லெஸாக்கின் மகன். நிஜத்தில் சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவர், படத்தில் இசைக்குழுவில் பெரிய பேஸ் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு தாளம் தப்புகிறார்.

வயது ஏறிய பிறகு, படத்தில் என் கண் தேடுவது மாமனார் ஆர்தர் ஹிக்கின்ஸைத்தான். சிட்னி பிளாக்மர் நடித்தது. எழுத்தில் சம்பாதிக்க முடியாமல், தம்பியோ அண்ணனோ போடும் சோற்றில் வாழ்ந்த மனிதர். சோறு போடுபவர் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. அப்படிப்பட்டவருக்கு மகளின் கல்யாணத்தோடு ஒரு வீடு கிடைக்கிறது. அங்கே அவரை யாரும் கணக்குக் கேட்பதில்லை. ரயில் விளையாட்டில் அவருக்கும் ஒரு தண்டவாளம் தருகிறார்கள். ஒரு மனிதனுக்குக் கௌரவத்தைத் திருப்பிக் கொடுப்பதை இவ்வளவு லேசாக, ஒரு பொம்மை ரயிலைக் கொண்டு காட்டிய படம் எனக்கு வேறு தெரியாது.

அந்தப் படத்தின் முக்கியமானவர்கள் யாரும் இன்று இல்லை. ஃபின்லே கர்ரி 1968இல் போனார். பிளாக்மர் 1973இல், ஸ்லெஸாக் 1983இல். எல்வெல்லிடம் கோள் சொல்ல வந்த பெண்மணியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன், ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் பச்சை முகச் சூனியக்காரியாகக் குழந்தைகளைப் பயமுறுத்தியவர், 1985இல். கேரி கிராண்ட் 1986இல். மேன்கிவிச் 1993இல். டெபராவும் எல்வெல்லும், அதாவது ஜீன் கிரெய்னும் ஹியூம் க்ரோனினும், ஒரே ஆண்டில், 2003இல். எங்கள் திண்ணையும் இல்லை. அந்த இடத்தில் இப்போது இரும்புக் கதவு இருக்கிறது. இத்தனை பேரும் போன பிறகு அந்தப் படத்தைப் போட்டால், எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சுத்தான் அந்தப் படத்தின் உயிர். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சொல்லி முடிக்கும் வரை மற்றவர் காத்திருந்து, யோசித்துப் பதில் சொல்லும் படங்களை இப்போது யாரும் அதிகம் எடுப்பதில்லை.

விசாரணை முடிந்ததும் ஷண்டர்ஸன் எல்வெல்லிடம் நேருக்கு நேர் சொல்கிறார்: நீங்கள் சிறிய மனிதர், உயரத்தில் அல்ல, மனத்தில். ஒரு பெரியவரைச் சிறியவராக்கப் பார்த்து இன்னும் சிறுத்துப்போனீர்கள். எல்வெல் தனியே நடந்து போகிறார். அரங்கில் டாக்டர் கோலை உயர்த்துகிறார். பிராம்ஸின் ‘அகாடெமிக் ஃபெஸ்டிவல்’ முழங்குகிறது. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் தமக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததற்கு நன்றியாக பிராம்ஸ் 1880இல் எழுதிய இசை. பெரிய மனிதர்கள் கூடும் சபைக்கு, மாணவர்கள் குடித்துவிட்டுப் பாடும் பாட்டுகளைக் கோத்து அனுப்பினார். பட்டத்தை ஒளித்து வைத்துக்கொண்டு கறிக்கடை நடத்திய ஒரு டாக்டருக்கு இதைவிடப் பொருத்தமான இசையை யாரும் தேர்ந்திருக்க முடியாது. அந்த பிரெஸ்லாவும் இன்று ஜெர்மனியில் இல்லை, போலந்தில் வேறு பெயரோடு இருக்கிறது. இசை மட்டும் தன் சந்தோஷத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

எல்வெல்லுக்கு நடந்தது தோல்வி என்று மட்டும் எனக்குத் தோன்றுவதில்லை. அவர் கையில் கடைசியில் எல்லா உண்மையும் கிடைத்துவிட்டது. கறிக்கடை, பட்டம், தூக்குமேடை எல்லாம். கிடைத்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. ஒரு மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்வதும் அந்த மனிதனை அறிந்துகொள்வதும் வேறு வேறு. முதலாவதற்குக் குறிப்புத்தாள் போதும். இரண்டாவதற்கு அன்பு வேண்டும், அன்பு வந்ததும் குறிப்புத்தாளைக் கிழித்துப்போடவும் மனம் வேண்டும்.

இந்தப் படத்தை அதன் இயக்குநர் நோயாளிக்குச் சமர்ப்பித்திருக்கிறார். தொடக்கத்திலேயே எழுத்தில் காட்டுகிறார். மரணத்தோடு மனிதர்கள் நடத்தும் போரை மருத்துவர்களின் வெற்றியாக அவர் பார்க்கவில்லை. நோயாளி இல்லாமல் அந்தப் போரை வெல்ல முடியாது என்கிறார். மருந்து ஜன்னலுக்கு உள்ளே ஆயுள் முழுக்க நின்ற எங்கள் மாமாவுக்கு அந்த வரிகள் திரையில் ஓடியபோது எவ்வளவு புரிந்திருக்கும் என்பதை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன்படி வாழ்ந்தார். மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் யாராவது என்ன படம் பார்க்கலாம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். எந்த மருந்தைக் கொடுப்பது என்பதை அவர்களுக்குக் கல்லூரி சொல்லிக்கொடுக்கும். நோயாளி நம்பிக் கொடுத்ததை எப்படிக் காப்பது என்பதை, பதவியே போவதாக இருந்தாலும் காப்பது எப்படி என்பதை, அந்த விசாரணை அறையில் கேரி கிராண்ட் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சில நிமிடங்கள் சொல்லிக்கொடுக்கும்.